தோட்டம் எங்கேயும் போகாது

தோட்டம் பார்க்கப் போய் மீகூன் சேமியா தின்றுவிட்டு வந்த கதையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுசாகத் தணியவில்லை. எழுதியாவது தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இனிப்பு நீர் வியாதி பூர்வீகச் சொத்து மாதிரி, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. அக்காவுக்குப் பெரிய பங்காகப் போய்விட்டது. மற்றவர்களுக்குக் காலில் பிடித்த நோய் அவளுக்குக் கண்ணில் பிடித்துக்கொண்டது. இடது கண் முழுசாகப் போய்விட்டது. வலது கண்ணுக்கு லேசர் வைத்துப் பார்த்தார்கள். ஒருமுறை நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நம்ம தமிழ்ப் பொண்ணு. அக்கா வெளியே போனதும் என்னை மட்டும் நிறுத்தி, "அங்கிள், அவங்க பாக்கணும்னு ஆசைப்படறது ஏதாச்சும் இருந்தா இப்பவே காட்டிடுங்க. லேட் பண்ணாதீங்க" என்றாள்.

காரில் வரும்போது பேச்சோடு பேச்சாக அக்காவிடம் என்ன பார்க்க ஆசை என்று கேட்டேன். பழனி என்பாள், காசி என்பாள், டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தோட்டம்" என்றாள்.

"எந்தத் தோட்டம்?"

"யார் வூட்டுத் தோட்டமாச்சும். பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிடாதடா. பார்க்குல இருக்கறதெல்லாம் கவர்மெண்டு செடி. மனுஷங்க வூட்டுல வெச்சு வளத்த செடி பாக்கணும்."

அதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் இருந்த கொஞ்ச இடத்தில் அவள் என்னென்னவோ வளர்த்தாள். குவார்ட்டர்ஸை இடித்தார்கள். மாமாவும் போய்ச் சேர்ந்தார். மகளோடு பூச்சோங்கில் பன்னிரண்டாவது மாடிக்குக் குடிபோனாள். அங்கே நடைபாதையில் தொட்டி வைத்தாள். நடக்கிற வழியில் எதுவும் வைக்கக்கூடாது என்று நிர்வாகத்தில் இருந்து ஆள் வந்து சொன்னான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. தொட்டிகளை ஒவ்வொன்றாக யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, ஃபோனில் தோட்ட வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாளாக அந்த ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுகூட இல்லை. மடியில் கவிழ்த்தாற்போல் கிடக்கும். அதில் யாராவது ஒரு பெண் உரம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள், அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் வாட்ஸாப்பில் அந்த விளம்பரம் வந்தது. கிள்ளானிலிருந்து காப்பார் போகிற சாலையில் உள்ளே திரும்பினால் ஒரு பழைய கிராமம், கம்பம் என்போம், இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்களும் சாலை போட வந்தவர்களும் கையில் இருந்ததைப் போட்டு நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர். தூண் மேல் நிற்கும் பலகை வீடுகள், ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டுத் தோட்டங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைக்கிறார்களாம். விளம்பரத்தில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய பெரிய பூக்கள், மனுஷங்க வீட்டில் வளர்த்த பூக்கள். எனக்குச் செம்பருத்தியும் ரோஜாவும் தெரியும், மற்றதெல்லாம் எனக்குப் பூ, அவ்வளவுதான். ஆனாலும் இதுதான் அக்கா கேட்டது என்று தெரிந்தது.

கொஞ்ச நேரம் யோசித்தவன் அங்கே நடக்கப்போகிற கூத்தை முன்கூட்டியே கண்டுபிடித்திருப்பான். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கே தோன்றாமல் போனதுதான் வயிற்றெரிச்சல். இங்கே வீட்டுக் கதவை யாராவது 'திறக்கிறோம்' என்று சொல்லிவிட்டால் அடுத்தது சாப்பாடுதான். தீபாவளியா, ஹரி ராயாவா, சீனப் பெருநாளா, எதுவானாலும் திறந்த இல்ல உபசரிப்பு. தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரும் உள்ளே வந்து தட்டை எடுத்துக்கொள்ள வேண்டியது. கிராமத் தலைவரின் மகன் வெளிநாட்டில் படித்தபோது ஏதோ ஓர் ஊரில் தோட்டங்களைத் திறந்து வைத்ததைப் பார்த்துவிட்டு வந்து இவர்களிடம் சொல்லியிருக்கிறான். அவன் தோட்டம் என்று சொன்னது இவர்கள் காதில் விழவே இல்லை. திறப்பது என்று சொன்னது மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

காலையிலேயே போய்விட்டோம். கோயில் திடலில் கார் நிறுத்த இடம் பிடிப்பதற்குள்ளேயே எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. ஊர் முகப்பில் ஒரு வளைவு, அது முழுக்கப் பிளாஸ்டிக் பூ. பூ பார்க்க வருகிறவர்களைப் பிளாஸ்டிக் பூவை வைத்து வரவேற்கிற மூளை யாருக்கு வந்தது என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல் என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். முட்டி வலி என்றாள். மெதுவாகப் போகலாம் என்றாள்.

முதல் வீட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தோட்டத்தைக் காணோம். அதாவது தோட்டம் இருந்தது, அதன் தலைக்கு மேல் கெமா போட்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் போடுவார்களே, வெள்ளைத் துணிக் கூடாரம், அதுதான். புல்தரை முழுக்கச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. பாத்தி ஓரத்தில் நீள மேசை, அதில் வரிசையாகப் பாத்திரங்கள், அடியில் நெருப்பு. செடிகளில் பலூன் கட்டியிருந்தார்கள்.

பட்டுப்புடவையில் ஒரு அம்மாள் வாசலுக்கே ஓடி வந்தார். வீட்டுக்காரம்மா. எங்களை முன்பின் பார்த்ததில்லை, ஆனாலும் ஊரிலிருந்து சம்பந்தி வந்த மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கண்ணே, வாங்கக்கா, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

"இல்லம்மா, தோட்டம் பாக்கத்தான் வந்தோம்."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல சாப்டுங்க. தோட்டம் எங்கயும் போகாது லா."

நான் இன்னொரு தடவை மறுப்பதற்குள் அக்கா, "சரிம்மா, வரோம்" என்றாள். என் கையை விட்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்காக வந்தோம்?

உள்ளே மின்விசிறிக்குக் கீழே அவளை உட்கார வைத்து ரோஜாக் கலர் சிராப் சர்பத்தை நீட்டினார்கள். இனிப்பு நீர் இருக்கிறது என்று நான் பதறினேன். "ஒரு கிளாஸு ஒண்ணும் பண்ணாதுண்ணே" என்று பக்கத்திலிருந்த பெண் எனக்கே ஒரு கிளாஸைக் கொடுத்தாள். கடைசியில் அக்காவுக்குச் சர்க்கரை போடாத வெறும் டீ, தே ஓ, வந்தது. மீகூன் வந்தது. கறிபாப் வந்தது. நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தேன்.

அக்கா சாவகாசமாகக் கேட்டாள்: "வாசல்ல என்னம்மா வெச்சிருக்கீங்க?"

"அதுவாக்கா, கேட்டு ஓரத்துல அடுக்கு மல்லி. எங்க மாமியார் சுங்கை பூலோலேருந்து கொண்டாந்து வெச்சது. ரெண்டு தடவ தண்ணி ஏறி செத்துப் போச்சுன்னு நெனச்சோம், மறுபடியும் தளுத்துச்சு."

"தண்ணி ஏறுனா வேரு அழுகிடுமே. மேடு கட்டுனீங்களா?"

அவ்வளவுதான். அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து அடி வெளியே வைத்தால் கண்ணால் பார்க்கலாம். அதை விட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து விசாரணை நடக்கிறது. நான் எழுந்து வெளியே போய் அடுக்கு மல்லியைத் தேடினேன். அது சாப்பாட்டு மேசையின் துணிக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தது. அதன் மேல் யாரோ குடித்த காகிதக் கோப்பையைச் செருகியிருந்தார்கள். கோப்பையை எடுத்துக் குப்பைப் பையில் போட்டேன். இன்னொருவர் என்னைச் சாப்பாடு போடுகிற ஆள் என்று நினைத்துச் சம்பால் கேட்டார்.

இரண்டாவது வீட்டில் வேலி வரைக்கும்தான் போக முடிந்தது. தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வந்திருக்கிறார், அவர் சாப்பிட்டு எழுந்து போகும்வரை பொதுமக்கள் வெளியே நிற்கணும் என்றார்கள். ஒலிபெருக்கியில் பேச்சு. பசுமையைப் பற்றி நீளமாகப் பேசினார். அவர் நின்றிருந்தது ஏதோ ஒரு செடியின் மேல் என்று சந்தேகமாக இருந்தது, கூட்டத்தில் எக்கிப் பார்த்தும் தெரியவில்லை. பேச்சு முடிந்ததும் காரோக்கே. நான் அக்காவை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். "இருடா, ஏன் பறக்கற?" என்றாள். பறக்காமல் என்ன செய்வது? வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மதியத்துக்கு மேல் மழை வரும், அவளுக்கு எத்தனை நாள் பார்வை இருக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. இதையெல்லாம் அவளிடம் சொல்ல முடியாது. அதனால் நாற்காலிகளைத் திட்டினேன்.

அடுத்த வீட்டுக்காரர் பெரிய மீசை வைத்த மனிதர். தன் தோட்டத்தைப் பற்றி அவ்வளவு பெருமை. அவர் வீட்டில் மட்டும் வாழை இலைச் சாப்பாடு. "எல்லாம் நம்ம தோட்டத்து எல தான் பாஸ்! கடையில ஒரு எல வாங்கல!" என்று மார்தட்டிக்கொண்டார். கொல்லையை எட்டிப் பார்த்தேன். வாழைகளெல்லாம் இலையில்லாமல் வெறும் தண்டாக நின்றன. கறிவேப்பிலை மரம் மொட்டை. சோற்றுக்கு வாசனைக்குப் போடும் பாண்டான் இலைப் புதரை அடியோடு அறுத்திருந்தார்கள். கத்தரியும் வெண்டையும் சாம்பாரில் கிடந்தன. பார்க்க வேண்டிய தோட்டத்தை வெட்டிச் சமைத்து என் முன்னாலேயே பரிமாறிவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் கோபம்.

அக்கா அங்கேயும் வீட்டுப் பெண்களோடு ஐக்கியமாகிவிட்டாள். சோற்றைக் கொஞ்சமாகப் பிசைந்துகொண்டு, வாழைக்கு என்ன போடுகிறீர்கள், மண் புளிப்பா, செம்பனை ஓரத்தில் எலித் தொல்லை உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். மீசைக்காரரின் மனைவி பதில் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்து இலையில் இருந்தவர் தன் வீட்டுப் பவழமல்லியைப் பற்றி ஆரம்பித்தார். நான் கை கழுவிவிட்டு வந்து, "அக்கா, எழுந்திரு. நாம சாப்பிட வரல" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "அவன் சின்னதுலேருந்தே அப்படித்தான், அவசரக் குடுக்கை" என்று அக்கா சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

அவளை அங்கேயே விட்டுவிட்டு நேரே பதிவுக் கூடாரத்துக்குப் போனேன். கழுத்தில் அட்டை தொங்க ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலைவரின் மகன், இந்த யோசனைக்குச் சொந்தக்காரன். முகத்தைப் பார்த்தால் இரவு தூங்கியவன் மாதிரி தெரியவில்லை.

"தம்பி, இங்க தோட்டம் எங்கப்பா இருக்கு?" என்றேன். குரல் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அங்கிள், ஒன்லி கார்டன்னு வீடு வீடா போய் சொன்னேன். சாப்பாடு வேணாம், கெமா வேணாம், வர்றவங்க நடந்து பாத்துட்டு போய்டுவாங்கன்னு சொன்னேன். எங்கம்மாவே கேக்கல. வூடு தேடி வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பறதான்னு அழுவறாங்க. ஒரு வூட்ல கெமா போட்டதும் அடுத்த வூட்ல மானப் பிரச்சனையாயிடுச்சு. நான் என்ன செய்ய?"

அவனைத் திட்டுவதற்கென்று வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே நின்றுவிட்டன. பிறகு அவன், பாரிட் ஓரத்தில் கடைசி வீடு இருக்கிறது, அந்த ஆன்டி தனியாள், கெமா போட இடமில்லை, அங்கே மட்டும் தோட்டம் அப்படியே இருக்கும், போய்ப் பாருங்கள் என்றான். கிளம்பும்போது கையில் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைத் திணித்தான். வேண்டாம் என்றால் அவனும் அழுதுவிடுவான் போல இருந்தது.

அக்காவைக் கிளப்பிக்கொண்டு நடந்தேன். பாரிட் என்பது செம்பனைக்கு நடுவே ஓடும் கால்வாய். அதை ஒட்டி ஒற்றையடிப் பாதை. அக்கா இரண்டு இடத்தில் தடுமாறினாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது. இந்த முட்டி வலிக்கும் டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். பார்க்கலாம் என்றாள். திரும்பிப் போய்விடலாமா, களைப்பாக இருக்கிறது என்றாள். இத்தனை தூரம் வந்துவிட்டு, ஒரே ஒரு நல்ல தோட்டம் கிடைக்கிற நேரத்தில் திரும்புவதா என்று நான் விடவில்லை.

கடைசி வீட்டு ஆன்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, வாங்க, ஒருத்தரும் இங்க வரவே இல்ல, செஞ்சது அப்படியே கெடக்கு" என்றார். இவருமா என்று எனக்குள் எரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, மொதல்ல தோட்டத்தக் காட்டிடுங்க, அப்புறம் என்ன குடுத்தாலும் சாப்புடறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பின்னால போங்க. நான் தண்ணி கலக்கிட்டு வரேன்" என்று உள்ளே போனார்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். போனதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கெமா இல்லை, நாற்காலி இல்லை. வலது பக்கம் வேலி நீளத்துக்கும் பூ. சிவப்பு, மஞ்சள், ஊதா, ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று, தரையோடு படர்ந்து ஏதோ ஒன்று. வண்ணத்துப்பூச்சி பறந்தது. இடது பக்கம் துணி காயப்போடும் கொடியில் இரண்டு மூன்று பூப்போட்ட கைலிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து வாங்கிய எரிச்சலெல்லாம் ஒரே மூச்சில் இறங்கியது.

"பாருக்கா! இதுக்குத்தானே வந்தோம்! எப்படி இருக்கு?"

அக்கா என் கையை விட்டாள். முகத்தை நிமிர்த்தி, சிரித்துக்கொண்டு, மெதுவாகத் தலையாட்டினாள்.

"அடேயப்பா! எவ்ளோ பூடா! காத்துல எப்படி ஆடுது பாரு. கண்ணே குளுந்து போச்சு."

அவள் கைலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முட்டி வலி, மடியில் கவிழ்ந்து கிடந்த ஃபோன், கண்ட வீட்டுக்குள்ளெல்லாம் யார் கையையாவது பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தது, வாசலில் என்ன இருக்கிறது என்று கேட்டது, எல்லாம் அந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக வந்து நின்றன. டாக்டர் லேட் பண்ணாதீங்க என்றாள். நான் லேட் பண்ணிவிட்டேன். ஆன்டி தே ஓ கொண்டுவந்தார். இரண்டு பேரும் குடித்தோம். அக்கா அவரிடம் வழக்கம்போலப் பேசினாள், அவர் வேலியோரம் என்னென்ன வைத்திருக்கிறார் என்று விசாரித்தாள். கிளம்பும்போது அவர் கட்டிக் கொடுத்த பலகாரத்தை வாங்கிக்கொண்டேன்.

காரில் ஏறி, காப்பார் சாலைக்கு வந்து, கொஞ்ச தூரம் வந்த பிறகு கேட்டேன்.

"எப்பலேருந்துக்கா?"

அவள் கேள்வி புரியாத மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "தீபாவளிக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. வெளிச்சம் தெரியும். கலர் கலரா ஏதோ அசையறது தெரியும். அவ்ளோதான்."

"ஏன் சொல்லல? ஒம்மவளுக்குத் தெரியுமா?"

"அவளுக்குப் பாதி தெரியும். சொல்லியிருந்தா நீ கூட்டிட்டு வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். கண் தெரியாதவளுக்குத் தோட்டம் எதுக்கு என்று நினைத்திருப்பேன். வெளியே சொல்லியிருக்க மாட்டேன், நினைத்திருப்பேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை, முன்னால் மெதுவாகப் போன லோரிக்கு ஹாரன் அடித்தேன்.

"சும்மா அதப் புடிச்சு அமுத்தாத" என்றாள் அக்கா. "எவ்ளோ நல்லா பேசுனாங்க தெரியுமா. அந்த மொத வூட்டு அடுக்கு மல்லிய நெனச்சாலே மனச அள்ளிக்கிட்டுப் போவுது. சரி, இப்ப நீ சொல்லு. நீ பாத்ததச் சொல்லு. நான் கேட்டதோட சேத்து வெச்சுக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன். சிவப்பு நாற்காலிகள் ஞாபகம் வந்தன. வெள்ளைக் கெமா, பலூன், மொட்டைக் கறிவேப்பிலை, ஒலிபெருக்கி. அடுக்கு மல்லியில் செருகியிருந்த காகிதக் கோப்பை நன்றாக ஞாபகம் இருந்தது, கோப்பைக்குக் கீழே இருந்த செடி எப்படி இருந்தது என்று தெரியவில்லை. கடைசி வீட்டு வேலியையும் எண்ணிப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், ஊதா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"என்னடா, ஒண்ணும் பாக்கலியா?"

"பாக்க வுட்டாங்களா?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு ரொம்ப வலித்தது.

அடுத்த யூ டர்னில் காரைத் திருப்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை ஒரு பாட்டம் பெய்து விட்டிருந்தது. கூட்டம் போய்விட்டது. கெமாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கி லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் வீட்டு அம்மாள் பட்டுப்புடவையை மாற்றிவிட்டு நைட்டியோடு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஐயய்யோ, அண்ணே, மீகூன் முடிஞ்சிருச்சே! முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேன்ல!"

"மீகூன் வேணாம்மா. தோட்டம் இருக்குல்ல?"

"அது எங்க போவுது" என்றார். அக்காவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நான் அவள் கையை இடுக்கிக்கொண்டு நின்றதையும் பார்த்தார். பிறகு வழியில் கிடந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

வேலியோரம் போய் நின்றோம். நசுங்கிய புல்லில் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் ஆரம்பித்தேன்.

"கேட்டு ஓரத்துல ஒரு செடி இருக்குக்கா. பச்சையா இருக்கு."

"செடின்னா பச்சையாத்தான் இருக்கும். அப்புறம்?"

"அதுக்குப் பக்கத்துல செவப்பா ஒரு பூ."

"செவப்புன்னா?"

"செவப்புதான்க்கா."

"என்னடா செவப்பு? குங்குமச் செவப்பா, செங்கல் செவப்பா, மிளகாப் பழச் செவப்பா? எதழு எத்தன? கொத்தா இருக்கா, ஒத்தையா இருக்கா? நடுவுல மஞ்சள் இருக்கா? கண்ணு இருக்குதானே ஒனக்கு, கிட்டப் போய் பாருடா!"

கோபமாகத்தான் சொன்னாள். நான் ஈரத்தில் மண்டியிட்டு, பூவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்க ஆரம்பித்தேன்.